அஹ்ஸனின் பேரீச்சம்பழம்

ஓகஸ்ட் 4, திங்கள்
கொட்டாஞ்சேனையில் இன்னும் சில பிள்ளைகள். காய்ச்சல், வாந்தி, குனியவே முடியாத கழுத்து வலி. மூளையுறை அழற்சி, முதுகெலும்பு நீரில் எக்கோவைரஸ். எந்தப் பிள்ளையிடமிருந்து எந்தப் பிள்ளைக்குப் போனது என்று மரபணு வரிசையைப் பார்த்துச் சொல்வது என் வேலை. மல மாதிரி கேட்டு ஆள் அனுப்பினால் எந்தத் தாயும் கதவைத் திறப்பதில்லை. நானே போனேன். றோஸியின் மகன் கிளின்ரன் குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டான். நாலு வயது, வாய் ஓயாது. கடித்த பிஸ்கட்டை என் வாயருகே நீட்டி, "ஆ காட்டுங்கோ அன்ரி" என்றான். முகம் சுளித்தால் றோஸி மல மாதிரியைத் தருவாளா? தின்றேன். ஆய்வுகூடத்தில் வேறு யாரும் இப்படிச் செய்திருந்தால் கிழித்திருப்பேன்.

ஓகஸ்ட் 9, சனி
தங்கச்சி நிம்றாவுக்கு ஆண் பிள்ளை! பேர் அஹ்ஸன். தஹ்னீக் செய்ய — பேரீச்சம்பழத்தை மென்று பிள்ளையின் அண்ணத்தில் தடவ — அவள் கணவன் முர்ஷிதின் வாப்பாவைத்தான் கூப்பிடுவார்கள் என்றிருந்தேன். நிம்றா விடவில்லை, அக்கா நான்தான் செய்யவேண்டுமாம். "ராத்தா செய்யட்டும். எண்ட புள்ளயும் ராத்தா மாதிரி படிக்கணும்." பெருமையில் கண் கலங்கிவிட்டது. தொண்டை கொஞ்சம் நோகிறது. ஏஸிதான்.

ஓகஸ்ட் 13
அஹ்ஸன் பால் குடிக்கவில்லை. உடம்பு சுடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில்.

ஓகஸ்ட் 14
கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறதாம். ஊசி போட்ட இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. யா அல்லாஹ், இத்தனை சின்ன உடம்பு.

நிம்றாவின் மாமி, முர்ஷிதின் உம்மா, ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிட்டார். "வயித்துப் புள்ளயோட கொள்ளுப்பிட்டில கட கடயா ஏறி எறங்கினா வேற என்ன நடக்கும்? ஊர் நோயெல்லாம் அள்ளிட்டு வந்தீக்கா." நிம்றா தலையைக் குனிந்துகொண்டு "ஓம் மாமி" என்றாள். நம்பிவிட்டாள்.

ஓகஸ்ட் 16
பிள்ளையின் மாதிரி எங்கள் ஆய்வுகூடத்துக்கே வந்தது. அதே எக்கோவைரஸ். நிம்றாவின் மாதிரியில் ஒன்றுமில்லை. அப்படியென்றால் யார்? என்னோடு வேலை செய்யும் லவன், "வார்ட்டில இருந்து வந்திருக்கலாம் மிஸ்" என்றான். இருக்கலாம். அப்படியே இருந்துவிடட்டும்.

— அந்தத் தொண்டை நோவு. ஏஸிதானே? ஏஸிதானே, பைறோஸா?

ஓகஸ்ட் 17
என்னிடமே மாதிரி எடுத்தேன். தொண்டையில் இப்போது இல்லை. மலத்தில் இன்னும் இருக்கிறது.

ஓகஸ்ட் 20
கிளின்ரனின் வைரஸில் இல்லாத ஒரு சின்ன மாற்றம் என்னுடையதில் இருக்கிறது. அதே மாற்றம் அஹ்ஸனுடையதிலும். வேறு யாரிடமும் இல்லை. கிளின்ரன், நான், அஹ்ஸன்.

பேரீச்சம்பழத்தில் பிழையில்லை. என் வாயில்தான். "இண்டைக்கு வேணாம், தொண்ட நோகுது" — இதைச் சொல்ல எனக்கு என்ன வந்தது? பெருமை! நாசமாப் போன பெருமை.

என் மாதிரியை யாரும் கேட்கவில்லை. அறிக்கையிலிருந்து அதை எடுத்துவிட்டு, வார்ட்டிலிருந்து வந்தது என்று எழுதி முடிக்கலாம். ஆனால் மாமி சாகும்வரை நிம்றாவைத்தான் சொல்வார்.

ஓகஸ்ட் 21
சொன்னேன். மாமியையும் முர்ஷிதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். மாமி வாயைப் பொத்திக்கொண்டார். நிம்றா ஒன்றுதான் கேட்டாள்.

"அண்டைக்கே தொண்ட நொந்திச்சா ராத்தா?"

"ஓம்."

"போங்க."

ஓகஸ்ட் 25
நிம்றா போன் எடுப்பதில்லை. அஹ்ஸனின் செயற்கைச் சுவாசக் குழாயை இன்னும் கழற்றவில்லை என்று முர்ஷித் சொன்னார். வீட்டுக்குள் இருக்க முடியாமல் வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதையோரம் நடந்தேன். துஆ கேட்க வாய் வரவில்லை. இந்த வாயால் எதைக் கேட்பது?

செப்டெம்பர் 3
குழாயைக் கழற்றிவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். இதுவும் முர்ஷித் சொல்லித்தான்.

செப்டெம்பர் 28, ஞாயிறு
கதவைத் திறந்தால் நிம்றா, தோளில் அஹ்ஸன். நான் குசினி வாசலுக்குப் பின்வாங்கி அங்கேயே நின்றேன். மெலிந்திருக்கிறான். பெரிதாகக் கொட்டாவி விட்டான்.

"தேத்தண்ணி ஊத்துங்க ராத்தா" என்றாள். ஊற்றி மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். முழுவதும் குடித்தாள்.

எழும்பும்போது சொன்னாள்: "தூக்கத் தாங்க எண்டு மட்டும் கேக்க வேணாம். இன்னம் கொஞ்ச நாளைக்கி."

கொஞ்ச நாளைக்கு என்றாள். அவள் படியிறங்கிப் போன பிறகும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றேன்.