நடுவழியில் நம் ஊர்

உப்பளம், புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அமுதவல்லிக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிற மாதிரியே இருக்கிறோம், நீ அங்கே அயர்லாந்து மழையிலும் குளிரிலும் சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள ஆசை. தினமும் போனில் முகம் பார்த்துத்தானே பேசுகிறோம், இப்போது என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா காதில் விழுகிறது. வாதம் வந்ததில் அவருக்குப் பேச்சும் வலது பக்கமும்தான் போயிற்றே தவிர காது நம் இரண்டு பேர் காதையும்விடக் கூர்மை, சமையல்கட்டில் நின்று நான் முணுமுணுத்தால்கூடத் தலையைத் திருப்புகிறார். மாடிக்குப் போய்ப் பேசலாம் என்றால் அதற்குள் கீழேயிருந்து கூப்பிடுவார். அதனால் அவர் கண் அசரும் நேரம் பார்த்து விட்டு விட்டு எழுதுகிறேன், முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே, தோள்பட்டை வலி இன்னும் விடவில்லை.

கப்பலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று நீ சொன்னபோது நான் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டேன் என்று தனக்கொடி அத்தையிடம் சொல்லி அழுதாயாமே. எனக்குக் கோபம் ஒன்றும் இல்லையடி. எப்போதோ கிடைக்கிற லீவில் இந்தக் கிழவியைக் கூட்டிக்கொண்டு சுற்ற வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை யாருக்குக் கிடைக்கும். ஆனால் நீ சொன்னதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அப்பாவை யார் திருப்பிப் படுக்கவைப்பார்கள், யார் கஞ்சியைப் புரையேறாமல் ஊட்டுவார்கள், கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிற நாள் நடுவில் வந்துவிடுமா, டயப்பர் மாற்றும்போது அவர் கூச்சப்பட்டு முரண்டு பிடிப்பாரே என்று ஒவ்வொன்றாக மனசில் ஓடியது. அது ஓடி முடிவதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். வேறொன்றும் இல்லை.

நீ போனில் பேசி அனுப்பிய யோசனைகளையெல்லாம் அப்பாவுக்குக் கேட்காமல் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சமைத்துக்கொண்டே கேட்டேன், இரண்டு தடவை கேட்டேன். பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அறைக்கு வந்துசேர நேரமாகும், அதனால் மாத்திரையும் ஒரு மாற்றுப் புடவையும் கைப்பையிலேயே இருக்க வேண்டும் என்றாய், சரி. கப்பல் ஆடும், ஏறுவதற்கு முன்பே வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும், வந்தபின் போட்டுப் பிரயோசனம் இல்லை என்றாய், அதுவும் சரி. கீழ்த்தளத்தில் நடுவாக அறை எடுத்திருக்கிறேன், அங்கேதான் ஆட்டம் குறைவு என்றாயே, ஜன்னல் இல்லையே என்று ஏன் அவ்வளவு வருத்தம், ஜன்னலைத் திறந்து நான் யாரைப் பார்க்கப் போகிறேன். ஷூ போட வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன், பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கிக்கொள்கிறேன், வழுக்காது. அடுத்த வீட்டுக் கொளஞ்சியை அவள் மகன் கலைவாணன் போன வருஷம் இப்படித்தான் ஒரு கப்பலில் கூட்டிப்போனான், அவள் வந்து சொன்ன கதைகளைக் கேட்டால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஏறின அன்றே சங்கு ஊதி எல்லாரையும் ஓரிடத்தில் நிற்கவைத்து மிதவைச் சட்டையைக் காட்டுவார்களாம், ஆபத்து வந்தால் எங்கே ஓட வேண்டும் என்று ஒத்திகை, இவளிடம் யாரும் சொல்லவில்லை, கப்பல் முழுகுகிறது என்று நினைத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதிருக்கிறாள். நடைவழியில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருந்ததால் யாரோ ஒரு சேட்டு அறையைத் தட்டி, அவர் அரைக்கால் சட்டையோடு கதவைத் திறக்க, மறுநாள் தலையில் இருந்த கதம்பத்தை எடுத்துத் தன் அறைக் கைப்பிடியில் கட்டிவிட்டாளாம். நானும் ஒரு முழம் பூ கூடுதலாக வாங்கி வருகிறேன். சாப்பாட்டைப் பார்த்து அலையாதே, முதல் நாள் மோர்சாதமும் ஊறுகாயும் போதும், மறுநாள் உடம்பு பழகினபின் எல்லாம் சாப்பிடலாம் என்பது அவள் சொன்னது, நீயும் கேட்டுக்கொள், உனக்குச் சின்ன வயசிலிருந்தே விழுப்புரம் பஸ்ஸில்கூட வாந்தி வரும்.

இனி நான் சொல்வது. அறையில் இரண்டு கட்டிலையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருப்பார்களாம், பிரித்துப் போடச் சொல், உனக்குப் புரண்டு படுக்கிற பழக்கம், எனக்குப் பக்கத்தில் யாராவது அசைந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிற பழக்கம். நான் சாப்பிடும்போது படம் எடுக்காதே. பார்க்கிறவர்களிடமெல்லாம் எங்கம்மா முதல் தடவை கப்பலில் வர்றாங்க என்று சொல்லிக்கொண்டு திரியாதே, நான் என்ன கண்காட்சியா. நாள் முழுக்க என்னோடு ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதில்லை, உனக்கு ஆட்டம் பாட்டம் பார்க்க வேண்டுமென்றால் போய்ப் பார், நீச்சல்குளத்தில் இறங்கு, அம்மா தனியாக இருக்கிறாளே என்று கவலைப்படாதே, அம்மாவும் மகளும் போனால் சண்டை வராமல் இருக்க அதுதான் வழி. முக்கியமானது ஒன்று. அப்பாவை ஹோமில் சேர்க்கிற பேச்சைக் கப்பலில் எடுக்கக் கூடாது. நீ அங்கே அப்படி ஓர் இடத்தில் நர்ஸாக இருக்கிறாய், நல்ல இடமாகத்தான் இருக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மா தப்பித்துப்போக இடமில்லாத இடம் என்று பார்த்து அந்தப் பேச்சை ஆரம்பித்தாயானால் நான் கடலில் குதிக்காவிட்டாலும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வேன்.

தனக்கொடி அத்தை பாகூரிலிருந்து வந்து இங்கேயே தங்கியிருக்கிறாள், நான் இல்லாதபோது அண்ணனைப் பார்த்துக்கொள்ளப் பழகிக்கொள்கிறேன் என்று. தூக்குவது, துடைப்பது, மாத்திரை எல்லாம் பிடிபட்டுவிட்டது, அப்பாவின் பேச்சுதான் பிடிபடவில்லை. அவருக்கு இப்போது இருக்கிற ஒரே சொல் போ என்பது உனக்குத் தெரியும். சுருக்கமாகச் சொன்னால் தண்ணீர், இழுத்துச் சொன்னால் திரும்பிப் படுக்க வேண்டும், மூக்கால் சொன்னால் டிவியில் சீரியலை மாற்ற வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் வலி. வந்த அன்றைக்கு அவர் தண்ணீருக்குப் போ என்றதும் அத்தை எழுந்து வெளியே போய்விட்டாள். அவர் மறுபடியும் போ போ என்று கத்த, இவள் வாசலில் நின்றுகொண்டு, "போய்ட்டேன்ணா, இன்னும் எங்க போவச் சொல்ற" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் மார்க்கெட்டிலிருந்து வந்து பார்த்தால் உள்ளே ஒருத்தர் தாகத்தில் அழுகிறார், வெளியே ஒருத்தி ரோஷத்தில் அழுகிறாள். சிரிப்புத்தான் வந்தது, ஆனால் உனக்கு மட்டும் சொல்கிறேன், நாளெல்லாம் ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்துப் போ போ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அர்த்தம் அது இல்லை என்று தெரிந்தாலும் சாயங்காலத்துக்குள் எனக்குச் சலித்துப்போகிறது.

கப்பல் விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். போன வியாழக்கிழமை கஞ்சி ஊட்டும்போது சொன்னேன், அமுதா வரப்போகிறாள், நான் அவளோடு கப்பலில் நாலு ராத்திரி போய்விட்டு வரட்டுமா, தனக்கொடி இருப்பாள் என்று. வாயில் இருந்த கஞ்சியை விழுங்கினார். பிறகு போ என்றார். எனக்குத் தெரிந்த எந்தப் போவிலும் அது சேரவில்லை. சம்மதமாகச் சொன்னாரா, போயேன், யார் தடுத்தார்கள் என்று கோபித்துக்கொண்டாரா, இல்லை வாயில் அது ஒன்றுதான் இருக்கிறது என்று சொன்னாரா. மறுநாளும் கேட்டேன், மறுநாளும் அதேதான். அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அதான் போன்னு சொல்லிட்டாரே அண்ணி, இன்னும் இன்னா, பத்திரத்துல எழுதிக் குடுக்கணுமா" என்கிறாள். அவளுக்கு எல்லாம் சுலபம். எனக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதி வந்ததற்காக அன்றைக்கு முழுக்க அழுகையும் வந்தது.

அதற்குப் பிறகுதான் அத்தை உன் டிக்கெட்டைப் போனில் படித்துச் சொன்னாள். சென்னையில் ஏறி விசாகப்பட்டினம் போய், சென்னை திரும்பும் முன் நடுவில் ஒருநாள் புதுச்சேரியாம். கடலுக்குள் தள்ளி நிறுத்திவிட்டுச் சின்னப் படகில் உப்பளம் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கி, பீச் ரோடு, மணக்குள விநாயகர் கோயில், மஞ்சள் சுவர்த் தெரு எல்லாம் சுற்றிக் காட்டுவார்களாம். இங்கிருந்து பஸ் பிடித்துச் சென்னை போய்க் கப்பலேறி, வங்காள விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கி நம் ஊரை நாமே வேடிக்கை பார்க்க வேண்டும், டிக்கெட் போடும்போது இதைக் கவனித்தாயா நீ. ஆனால் எனக்கு அதைக் கேட்டதும்தான் உயிரே வந்தது. துறைமுகத்திலிருந்து நம் வீடு நடக்கிற தூரம். மற்றவர்கள் ஊர் பார்க்கட்டும், நான் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சவரம் செய்து, நகம் வெட்டி, வஞ்சிரம் கிடைத்தால் ஒரு குழம்பு வைத்து, துணியை அலசி மாடியில் போட்டுவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டேன். கடலுக்குள் போனால் போனில் சிக்னல் இருக்காது என்று நீ சொன்னதிலிருந்து அப்பாவை எப்படி விசாரிப்பது என்று ஒரு கவலை இருந்தது, நடுவில் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம் என்றதும் அதுவும் அடங்கியது.

அத்தையிடம் சொன்னேன், பிடித்துக்கொண்டாள். "கப்பல்ல போயும் தொடப்பத்தத் தூக்கிக்கினு வருவியா அண்ணி, நடுவுல வந்து மொகத்தக் காட்டிட்டு மறுபடியும் கெளம்பினா எங்கண்ணன் ரெண்டு வாட்டி அழணும், அத நெனச்சியா" என்றாள். என் புருஷனைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாளே என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது, சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் சொன்னது நிஜம். அப்பாவுக்கு இப்போதெல்லாம் சட்டென்று அழுகை வருகிறது, நான் ரேஷன் கடைக்குப் போய்வந்தாலே கண் நிறைந்துவிடுகிறது. ஒரு தடவை அழவைத்துவிட்டுப் போவதே பாவம், இரண்டு தடவை எதற்கு.

நிஜத்தைச் சொல்கிறேன் அமுதா, எனக்கு அலுத்துப்போயிற்று. உடம்பு அலுப்பு என்றால் தைலம் தேய்த்துப் படுத்தால் போய்விடும். இது அப்படி இல்லை. அவர் இருமினால், அசைந்தால், மூச்சு கொஞ்சம் மாறினால் என்று இத்தனை வருஷமாக எந்நேரமும் ஒரு காதை அவரிடமே வைத்திருக்கிறேன், தூக்கத்தில்கூட அந்தக் காது தூங்குவதில்லை. அவர்மேல் எனக்கு அன்பு இல்லாமல் இல்லை, நம் ஊர் மேட்டுப்பாளையம் கம்பெனியில் ஷிப்டு முடிந்து அவர் சைக்கிளில் வருகிற சத்தத்துக்கும் இதே காதைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். விட்டு ஓட நினைக்கவில்லை, திரும்பி வந்து நான் செத்துப்போகிற வரைக்கும் செய்வேன். ஆனால் நீ நாலு ராத்திரி என்று சொன்னபோது என் கண்ணில் கடல் வரவில்லை, வானம் வரவில்லை, ஒரு கட்டில் வந்தது, யாரும் கூப்பிடாத ஒரு கட்டில். அதை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது, அதனால்தான் அன்றைக்கு உன்னிடம் வாய் திறக்கவில்லை. அந்தத் துறைமுகத்தில் கால் வைத்தேன் என்றால் வீட்டுக்கு வந்துவிடுவேன், வீட்டுக்கு வந்தேன் என்றால் திரும்ப ஏற மாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

அதனால் தீர்மானம் செய்துவிட்டேன், வருகிறேன். சென்னையில் ஏறினால் சென்னையில்தான் இறங்குவேன். ஏறியதும் என் போனை உன்னிடம் கொடுத்துவிடுவேன், ஊர்ப்பக்கம் வந்து சிக்னல் கிடைத்து அத்தை கூப்பிட்டால் நீயே பேசு, என்ன செய்ய வேண்டும் என்று என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆடி மாதத்தில் யாராவது கப்பலேறுவார்களா என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது, அதையெல்லாம் காதில் வாங்காதே. வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கி வராதே, அப்பாவுக்கு மட்டும் போன தடவை கொண்டுவந்த மாதிரி மெத்தென்ற துண்டு இரண்டு கொண்டு வா. பத்திரமாக விமானம் ஏறு. நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு மனசு நிறைந்து இருக்க வேண்டும், அப்பாவால் கையைத் தூக்க முடியாவிட்டாலும் அவர் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு, அத்தையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இங்கே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் ஊர் வந்தால் எழுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவேன். கப்பலில் என் பக்கத்தில் நீதான் இருப்பாய். ஊர் வந்தால் எழுப்பாதே.

உன் அம்மா,
ரா. அஞ்சலாட்சி