சூளைக்காரர் வாங்கிய சத்தியம்

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அங்கே பனி விட்டு, இருமல் இல்லாமல் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் நல்ல செய்தி. கருப்பி சூளையை விட்டு வெளியே வந்துவிட்டாள். ஐந்தாம் வகுப்பு வரை உன் பக்கத்தில் உட்கார்ந்தவள், புருஷனின் ஆஸ்பத்திரிக்கு வாங்கிய முன்பணத்துக்காக ஆறு வருடம் செங்கல் அறுத்தாள். அவளோடு இன்னும் பதினான்கு குடும்பங்கள். எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு மாதமாக அடைத்திருந்த நெஞ்சு திறந்தது போல் இருக்கிறது.

எல்லாம் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நடந்தது. சூளைக்காரரும் சின்னராஜும் முருகேஷும் ஒரே கட்சி. இருபது வருடமாக அந்தக் கட்சி காட்டிய ஆள்தான் தலைவர். இந்த முறை தையல் கடை சாலம்மாள் சுயேச்சையாக நின்று, சூளையில் இருப்பவர்கள் கொத்தடிமைகள், மீட்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார். பதில் சொல்வதில் கட்சி உடைந்தது. சூளையைத் தொடக் கூடாது என்றார் சின்னராஜ். போறதும் இருக்கறதும் அவங்க இஷ்டம், நமக்கென்னங்க என்றார் முருகேஷ். இருவரும் மனுத் தாக்கல் செய்தார்கள். நீ அனுப்பிய ஆராய்ச்சி அத்தியாயத்தை அன்று மறுபடி படித்தேன். 1860. அமெரிக்கத் தேர்தல். அடிமை முறையால் ஜனநாயகக் கட்சி வடக்கு, தெற்கு என்று பிரிந்து இரண்டு வேட்பாளர்களை நிறுத்தியது. அவர்கள் சேர்ந்து நின்றிருந்தாலும் லிங்கனே வென்றிருப்பார் என்று அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறாய். இங்கே அப்படி இல்லை, இருவரும் சேர்ந்து நின்றிருந்தால் சாலம்மாள் தோற்றிருப்பார்.

எங்கள் பயம் வேறு. கட்சி உடையும் முன்பே சூளைக்காரர் அவசரப்பட்டு சூளைச் சனம் எல்லோரையும் மாரியம்மன் கோயிலில் நிறுத்தி, நம் கட்சி ஆளுக்குத்தான் ஓட்டு என்று எரியும் சூடத்தில் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். அந்தச் சனம் பட்டினி கிடக்கும், சூடத்தை மீறாது. பிறகு அந்தச் சத்தியம் எனக்கு என்றார் சின்னராஜ். எனக்குத்தான் என்றார் முருகேஷ். சாமி முன்னால ஒரு ஆளுக்குத்தானுங்க கையடிச்சோம், ரெண்டு பேரு வந்து நின்னா எப்புடிங்க, பேசி ஒரு ஆளா வாங்க, போடறோம் என்றாளாம் கருப்பி. கடைசிவரை அவர்கள் ஒரு ஆளாகவில்லை. சத்தியம் செல்லாது என்று பூசாரி பச்சியப்பனே சொல்லிவிட்டார். சூளைச் சனம் சாலம்மாளுக்கே போட்டது, அவர் பதினோரு ஓட்டில் வென்றார். பதவியேற்ற நான்காம் நாள், அவர் கொடுத்த மனுவின் பேரில் கோட்டாட்சியர் ஜீப்பில் சூளைக்கு வந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் விடுதலைச் சான்று கொடுத்தார். முன்பணமும் ரத்து.

நேற்று கருப்பி வீட்டுக்கு வந்தாள். உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். அங்கியும் ஓட்டு எண்ணுனதும் வுட்டுட்டாங்களாங்க என்று கேட்டாள். இல்லை, நாலு வருடம் போர், லட்சக்கணக்கில் செத்தார்கள் என்றேன். எங்களுக்கு ஜீப்புதானுங்க வந்துச்சு என்றாள். அம்மா சிரித்துவிட்டு அவளுக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. எடுத்த வேலை குறையில்லாமல் முடியட்டும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை கருப்பியைக் கூப்பிடு. சூளையில் போன் வைத்துக்கொள்ள விடவில்லை. இதோடு வைத்திருக்கும் சீட்டில் புது நம்பரை எழுதித் தந்திருக்கிறாள், அவள் கையெழுத்திலேயே.

அன்புடன் அப்பா,
கலைவாணன்
பொம்மிடி