வாய்க்கரிசி

14 ஜூன் 1961

இந்த மலையில் மிளகுக்கொடி வளர்த்த சடையனின் உடலை, கோலாரிலிருந்து மகள் வரும்வரை கெடாமல் வைக்கச் சொன்னார்கள். மருத்துவக் கல்லூரியில் கற்றுத்தந்த முறைப்படியே செய்தேன். முதலில் உதட்டின் உட்புறம் தைத்து வாயை மூடினேன். பிறகு தொடைத் தமனியில் குழாய் செருகி ஃபார்மலின் ஏற்றினேன். தாடை கல்லாக இறுகிவிட்டது.

வாய்க்கரிசி எனக்கு நினைவிலேயே இல்லை.

சாதி மாறிக் கட்டிக்கொண்டு ஓடிப்போன மகள் இன்று வந்தாள். அவள் இட்ட அரிசி உதட்டில் நில்லாமல் கழுத்தில் சிதறியது.

"எங்கையால வேண்டாம்னு வாயக் கடிச்சுக்கிட்டாருங்க சார். அத்தன கோவமுங்களா?"

"செத்தும் வீம்ப உட்டானா பாரு!" என்றார் அவள் பெரியப்பா.

தைத்தது நானென்று சொல்லவில்லை. புதைத்துவிட்டார்கள்.

விடிந்ததும் அவள் மலையிறங்குகிறாள். என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.