தறி தந்த பெயர்

1812 மார்ச் 3
பக்கத்து வீட்டு மென்னோவை, நம் டச்சு நாட்டை ஆளும் பிரெஞ்சுக்காரர்கள் நேற்றுத் தங்கள் கடற்படைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். படகோட்டி என்றால் விடுவதில்லை. அண்ணன் ஹபோவும் படகோட்டிதான். பள்ளியை விட்டுத் தறியில் உட்கார்ந்ததிலிருந்து நான் வெளியாரிடம் பேசியதில்லை. இப்போது வீட்டுக்குள்ளும் எல்லாரும் மெதுவாகத்தான் பேசுகிறோம்.

மார்ச் 9
பிரெஞ்சுக்காரர்களின் புது உத்தரவு: ஒவ்வொரு குடும்பமும் மாறாத பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். இதுவரை அப்பா பெயரைச் சேர்த்துச் சொன்னால் போதுமாக இருந்தது. பாதிப்பேர் தொழிலையே பெயராக்குகிறார்கள்.

"நம்ம பேரு ஷிப்பர்தான், படகுக்காரன்," என்றான் ஹபோ.

"சொல்லேன். பேரோட சேத்து உன்னையும் கப்பல்ல ஏத்திக்குவான்," என்றார் அப்பா. பிறகு என் தறியைப் பார்த்தார்.

மார்ச் 10
அப்பா வேவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நெய்கிறவர்கள். வீட்டில் நெய்கிறவள் நான் ஒருத்திதான்.

மார்ச் 12
நெசவாளி வீடுதானா என்று விசாரிக்க வருவார்களாம். ஹபோவுக்குத் தறி சொல்லிக்கொடுக்கிறேன். கையும் காலும் சேரவே இல்லை. உள்ளங்கையில் கயிற்றுக் காய்ப்பு வேறு — அதை எங்கே மறைப்பது?

மார்ச் 16
வந்தான். பூட்ஸ் போட்ட ஒரே ஆள். பிரெஞ்சுக்காரன் இல்லை, டச்சுக்காரன்; நம் பேச்சு புரியும்.

"இங்க நெசவாளி யாரு?"

ஹபோ உட்கார்ந்தான். நாடா பாவுக்குள் நாலைந்து முறை போய்வந்தது. பாவிழை ஒன்று அறுந்தது. அவன் கை, பழக்கத்தில், பாய்க்கயிற்றுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டது. தடித்த முடிச்சு தறி அச்சின் பற்களில் சிக்கிக்கொண்டது. வந்தவன் குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

என்ன செய்தேன் நான்? ஹபோவின் பிடரியில் ஓர் அறை.

"இன்னிக்கும் குடிச்சிட்டு வந்து உக்காந்தியா? முடிச்சுகூட ஒழுங்காப் போடத் தெரியல. எந்திரி, தடியா."

என் குரலா அது? அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். முடிச்சை வெட்டி, இழையைச் சேர்த்து, நெய்தேன். நிறுத்தினால் அடுத்த கேள்வி கேட்பான். நிறுத்தவே இல்லை.

"உங்க வீட்லயும் தங்கச்சி ராஜ்ஜியம்தானா?" வந்தவன் சிரித்தான். போய்விட்டான்.

ஹபோ பிடரியைத் தடவினான். "கொஞ்சம் மெதுவா அடிச்சிருக்கலாம்." யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 17
தெருவில் பூட்ஸ் சத்தம். கடந்து போனது.

1815 மே 20
பிரெஞ்சுக்காரர்கள் போய் ஒன்றரை வருஷம். பெயர் போகவில்லை. ஹபோ புதுப் படகில் பெரிதாக எழுதிவைத்திருக்கிறான்: ஹபோ வேவர். "என்னப்பா நெசவாளி, அலையையா நெய்யப்போற?" — துறையில் தினமும் கேலி. அவனுக்கு இன்னும் ஓர் இழை சேர்க்கத் தெரியாது.

நாளை எனக்குக் கல்யாணம். நாளையிலிருந்து நான் பெக்கர் — மாப்பிள்ளை வீட்டுப் பெயர், ரொட்டிக்காரர் என்று அர்த்தம். தறி என்னோடு வருகிறது. பெயர் அவனிடமே இருக்கட்டும்.

தறியை ஏற்ற வண்டிக்காரர் பூட்ஸ் சத்தத்தோடு உள்ளே வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தேன்.