அத்தைக்கு ஒரு மகன் இருந்திருந்தால்

ஜூன் 8

எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தெரியும்.

மாடியில் குடியிருக்கும் இளவரசன் சிறு வயதில் பர்ஸ் அடித்தவன் என்று ஆரணியில் எங்கள் தெரு இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறது. “பாவம் லீலா அம்மா, கான்வென்ட்டுல படிச்சும் ஏமாந்துட்டாங்க” என்று பால் பூத்தில் பேசிக்கொண்டார்களாம். நான் ஏமாறவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் வீடு பார்க்க வந்த அன்றே அவன் வாயாலேயே சொன்னான். எல்லாம் பேசி முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியவன், மறுபடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பெற்றவர்கள் யார் என்று தெரியாது, அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். அங்கிருந்து ஓடி ஒரு கும்பலில் சேர்ந்து, திருவண்ணாமலை கிரிவலக் கூட்டத்தில் கைவரிசை காட்டினான். பிடிபட்டு உள்ளே இருந்தபோது மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொண்டான். இதையெல்லாம் நின்றபடியே சொன்னான்.

“அப்பால வேற யாராவது வந்து சொன்னா நீங்க பேஜாராயிடுவீங்க. அதான் நானே சொல்லிட்டேன் மேடம்.”

மேடம் என்று கூப்பிடச் சொன்னது நான். கேஸ் சிலிண்டர் போடுகிறவரிலிருந்து கீரை விற்கிறவள்வரை எல்லோரும் அம்மா என்கிறார்கள். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்தச் சொல் எனக்குச் சும்மா கிடைப்பது பிடிக்காது.

இதைப் பரப்பியது மாணிக்கவேல், என் தம்பி சந்திரமோகனின் பட்டுக்கடையில் கணக்கு எழுதுகிறவர். அவருக்கு இதில் என்ன அக்கறை? அதுதான் புரியவில்லை.

ஜூன் 10

கிரைண்டர் நின்றுவிட்டது. இளவரசன் வந்து கூடம் முழுக்க அதைப் பிரித்துப் பரப்பினான். நான் படித்துக்கொண்டிருந்த தடிப் புத்தகத்தைப் பார்த்து, அது என்ன கதை என்று கேட்டான்.

கான்வென்ட்டில் ஆங்கிலத்துக்குப் பரிசாக வாங்கிய நாவல். விக்டோரியா ராணி காலத்துக் கதை: ஓர் அநாதைப் பையன், பசி, லண்டன், திருடர் கூட்டம். அவனிடம் போய் இதைச் சொல்வதா என்று ஒரு கணம் யோசித்தேன். மறைப்பதும் மரியாதை இல்லை. சொன்னேன்.

ஸ்க்ரூ ஒன்றைத் தேடிக்கொண்டே கேட்டான்: “அந்தத் திருட்டுக் கூட்டத்து ஆளு, பசங்களுக்குச் சோறு போட்டானா மேடம்?”

போட்டான் என்றேன்.

“போட்டாத்தான் நிப்பாங்க. ஹோம்ல அடி வாங்கிகினு இருந்த எனக்கு, சாப்டியாடான்னு மொதல்ல கேட்டவரு எங்க கும்பல் அண்ணன்தான். கெட்டவருன்னு அப்பாலதான் தெரிஞ்சுது.”

வழக்கம்போல என்னோடு சாப்பிட உட்கார்ந்தபோது, அவன் தட்டில் சட்னியை இன்னும் கொஞ்சம் வைத்தேன். முடிவை நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 11

முடிவைச் சொன்னேன். அந்தப் பையன் நல்ல குடும்பத்து வாரிசு என்று தெரியவரும். அவனுக்கு அடைக்கலம் கொடுத்தவர்களே அவனுக்கு உறவாகிவிடுவார்கள்.

இளவரசன் வெகு நேரம் சிரித்தான். “அம்மாம் பெரிய ஊர்ல, கரெக்டா சொந்தக்காரங்க வூட்லயே போயி வுழுந்தானா?”

பள்ளிக்கூடத்திலேயே எனக்கும் அந்த இடம் ஒட்டவில்லை. எழுதியவருக்கு வேறு வழி தெரியவில்லை என்றேன்.

“சரி, வாரிசா இல்லாத மத்த பசங்க?”

அவர்களைப் பற்றி அதிகம் இல்லை என்றேன். அவன் தலையாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டான். கிரைண்டர் ஓடியது.

ஜூன் 15

மத்தியானம் சுகன்யா வந்தாள். தம்பியின் ஒரே மகள். அவள் அம்மா காலமானதிலிருந்து பரீட்சை, ஜுரம், பல்வலி எது வந்தாலும் என்னிடம்தான் வருவாள். இப்போது அப்பா கடைக்குக் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறாள். தறி ஷெட்டில் மோட்டார் பழுதானால் இளவரசனைக் கூப்பிடுகிறவளும் அவளே. அந்த மோட்டார்கள் ஏன் அப்படி அடிக்கடி பழுதாகின்றன என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

“ஒரு வருஷமாச்சு அத்தை” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஒரு வருடம்! கரண்டி இடம் மாறினால் கண்டுபிடிக்கிறவள் நான். தெரு சொன்னதில் பாதி சரி. எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கத்தான் செய்தது. அது தெருவுக்கும் தெரியவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

மாணிக்கவேலின் அக்கறையும் விளங்கிவிட்டது. விஷயம் தெரிந்ததும் தம்பிதான் அவரை விசாரிக்க அனுப்பியிருக்கிறான். காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாப்பிள்ளை பார்த்திருக்கிறானாம், ஆடி பிறப்பதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றிவிட வேண்டுமாம்.

“நான் ஓடிப்போவ மாட்டேன் அத்தை. எங்கப்பா நின்னு குடுக்கணும். இல்லன்னா எனக்கு யாருமே வேணாம்.”

அப்போது நான் கேட்டேன், கேட்டே விட்டேன்: யார் பிள்ளை என்றே தெரியாதவனுக்கு எப்படியம்மா கொடுப்பார்கள்?

சுகன்யா நிமிர்ந்து பார்த்தாள். “நீங்களுமா அத்தை” என்றாள். தட்டில் வைத்த அதிரசத்தைத் தொடாமல் போய்விட்டாள்.

ஜூன் 16

இட்லி கல்லாக வந்தது.

ஜூன் 19

இளவரசன் காலி செய்கிறானாம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறான். போவதற்கு முன் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைச் சரிபார்த்துக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். இட்லி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னான். பொய் சொல்லாதே என்றேன்.

சுகன்யா உனக்காக அப்பாவோடு மல்லுக்கு நிற்கிறாள், நீ மூட்டை கட்டுகிறாயே என்று கேட்டேன்.

“அவங்க அப்பாவை எதுத்துகினு நான் கூட்டினு போனா, திருட்டுப் புத்தி போகலன்னுதானே சொல்லுவாங்க? ஒருத்தர் வூட்லேர்ந்து இனிமே நான் எதையும் எடுக்க மாட்டேன் மேடம். குடுத்தா வாங்கிப்பேன்.”

கை கழுவிவிட்டு, தன் தட்டோடு என் தட்டையும் கழுவி வைத்தான். வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். சோப்பு சரியாகப் போகாது, நான் மறுபடி கழுவ வேண்டும்.

போகட்டுமே. குடித்தனக்காரர்கள் வருவார்கள், போவார்கள். ஆனால் மாடிப்படியில் அவன் இறங்கும் சத்தம் கேட்டால் என் கை தானாக அடுப்பைப் பற்றவைக்கப் போகிறது. அந்தக் கையை என்ன செய்வது?

இன்றைக்கு அந்தத் தட்டை நான் மறுபடி கழுவவில்லை.

ஜூன் 22

தம்பி வீட்டுக்குப் போனேன்.

தம்பி சந்துரு கூடத்தில் இருந்தான், மாணிக்கவேல் பக்கத்தில் பவ்யமாக. சுகன்யா உள்ளறைக் கதவுக்குப் பின்னால். அவள் கொலுசு தெரிந்தது. நான் சமாதானம் பேசத்தான் போனேன். காஞ்சிபுரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடு, பெண்ணை நெருக்காதே என்று சொல்லிவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம்.

அவன் பேசிக்கொண்டே போனான். எந்த ஊர், எந்த ஜாதி, யார் பெற்றது, ஒன்றும் தெரியாது, தெரிந்ததெல்லாம் பர்ஸ் அடித்தது மட்டும்தான் என்றான். அதோடு விட்டிருந்தால் நான் வீடு வந்து சேர்ந்திருப்பேன். விடவில்லை.

“நீயே சொல்லுக்கா. பத்திரிகைல இன்னாருடைய மகன்னு இன்னா போடறது? கோடு போட்டு வுட்டுடலாமா?”

மாணிக்கவேல் சிரித்தார். அந்தச் சிரிப்புதான்.

“என் பேரைப் போடு” என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“லீலா மகன் இளவரசன்னு போடு. அத்தை மகனுக்கு உரிமை இருக்குதா இல்லையா? சுகன்யாவுக்குக் காது குத்தினப்ப, அவளைத் தூக்கி வெச்சுகினு, அத்தனை பேர் எதிர்ல நீதானே சொன்ன? அக்காவுக்கு ஒரு மகன் இருந்திருந்தா நான் வேற எடமே தேட மாட்டேன், இவ அவனுக்குத்தான்னு சொன்னியா இல்லையா?”

“அக்கா, அது விளையாட்டுக்குச் சொன்னது.”

“எனக்கு விளையாட்டா இல்லடா.”

ஆம், அன்று எல்லோரும் சிரித்தார்கள். நான் கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்புறம் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவன் சொன்னது அன்பில்தான். அது எனக்குத் தெரியாதா? ஆனால் அன்பாகச் சொன்ன சொல்லுக்கும் விலை உண்டு.

சந்துரு துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு, “மகன்னு நீ சொல்ற. அவனைக் கேட்டியா?” என்றான்.

கேட்டேன் என்றேன். எழுந்து வந்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் கொலுசு ஓடியது.

ஆட்டோவில் பாதி வழியில்தான் உறைத்தது. நான் அவனைக் கேட்கவே இல்லை.

ஜூன் 23

காலையில் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். சொல்லும்போது எல்லாம் முன்பின்னாக வந்தது. பத்திரிகை, கோடு, காதுகுத்து, மாணிக்கவேல் சிரித்தது எல்லாம் கலந்து. கடைசியில், “உன்னைக் கேட்காமல் உன்னை என் மகன் என்று சொல்லிவிட்டேன். அது தவறு. உனக்குச் சம்மதம் இல்லையென்றால் நானே போய் மாற்றிச் சொல்லிவிடுகிறேன்” என்றேன்.

இளவரசன் டம்ளரைப் பிடித்தபடி நின்றான். “மேல மோட்டாரு ஓடுது மேடம், நிறுத்திட்டு வரேன்” என்று போனான். மோட்டார் ஓடவில்லை. ஓடினால் எனக்குக் கேட்கும்.

வெகு நேரம் கழித்து இறங்கி வந்தான். முகம் கழுவியிருந்தான், சட்டைக் கழுத்தெல்லாம் ஈரம். காபி ஆறிவிட்டது, சுடவைத்துத் தருகிறேன் என்றேன். இதுவே போதும் என்று ஒரே மடக்கில் குடித்தான். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

“மாமா ரொம்பக் கோவமா கீறாரா?”

ஜூலை 6

காஞ்சிபுரத்துக்காரர்கள் வரவில்லை. தம்பியே வேண்டாம் என்று தகவல் அனுப்பிவிட்டானாம். ஆடி வருகிறது என்று காரணம் சொன்னானாம். ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

சுகன்யா வந்து அதிரசம் கேட்டு வாங்கித் தின்றாள். “எல்லாப் பொண்ணுங்களும் மாமியாரை அத்தைன்னு கூப்பிடப் பழகணும். எனக்கு அந்த வேலையே இல்ல பாருங்க” என்றாள். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, வாயை அடக்கு என்றேன்.

இளவரசன் ஓசூர்ப் பேச்சை எடுப்பதில்லை. “உங்க புக்கு மாரியே ஆயிடுச்சு மேடம். கரெக்டா சொந்தக்காரங்க வூட்லயே வந்து வுழுந்துட்டேன்” என்கிறான். என் தம்பி அவனுக்கு மாமா, நான் மட்டும் மேடம். எந்த ஊர் முறை இது? நான் திருத்தவில்லை. தானாக வருவது தானாக வரட்டும்.

ஜூலை 18

முதல் ஆடி வெள்ளி. வருடா வருடம் போல படவேட்டுக்குப் போக தம்பி வேன் எடுத்திருந்தான். போன வருடம்வரை என் வாசலில் வந்து நிற்கும். இந்த வருடம் நிற்குமோ என்று புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நின்றது. இளவரசனையும் ஏற்றிக்கொண்டு ஏறினேன். சந்துரு டிரைவர் பக்கத்தில், கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ரேணுகாம்பாள் சன்னிதியில் தலை மேல் தலை. அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் இளவரசன் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டான். இப்படிப்பட்ட கூட்டத்தில் எப்போதும் அப்படித்தான் நிற்பான் என்று சுகன்யா என் காதில் சொன்னாள். யாரும் எதுவும் தொலைத்தால் தன் கை எங்கே இருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டுமாம்.

தம்பிக்கு அங்கப்பிரதட்சணம் வேண்டுதல். அவன் மனைவி படுத்திருந்தபோது வேண்டிக்கொண்டது. அவள் போன பிறகும் விடவில்லை. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். சட்டை, வாட்ச், போன், பர்ஸ், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் எப்போதும் என்னிடம்தான் கொடுப்பான். இன்று என் கைகளில் அர்ச்சனைத் தட்டும் வேப்பிலையும். மாணிக்கவேல் கையை நீட்டினார். சந்துரு அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் இளவரசன் பக்கம் நீட்டினான்.

“புடி” என்றான். அவ்வளவுதான். தரையில் படுத்து உருள ஆரம்பித்துவிட்டான்.

இளவரசன் கட்டிய கையைப் பிரித்து வாங்கினான். சட்டையை மடித்து அதன் மேல் மற்றதையெல்லாம் வைத்து, தீபத்தட்டு ஏந்துகிறவன் போல மார்புக்கு நேரே இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றான். தம்பி சுற்றி வந்து சேரும்வரை அசையவில்லை. மூக்கில் வியர்வை வழிந்தது, துடைக்கவில்லை. “வேர்க்குதும்மா” என்றான் என்னிடம், மெதுவாக.

நான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

எழுந்து வந்த சந்துரு எதையும் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். வீட்டு வாசலில் நான் இறங்குகையில், “படி பாத்துக்கா” என்றான்.

ஜூலை 20

தபாலில் போட்டதன் நகல்:

அன்புள்ள தம்பி சந்திரமோகனுக்கு, அக்கா லீலா எழுதுவது.

ஆடி மாதத்தில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்பார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என் மகன் இளவரசனுக்கு உன் மகள் சுகன்யாவைக் கேட்கிறேன். நீ சம்மதித்தால் ஆவணி பிறந்ததும் பூ, பழம், தாம்பூலத்தோடு முறைப்படி வருவேன். அவனைக் கேட்டாயா என்று நீ கேட்டபோது கேட்டேன் என்றேன். அப்போது கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்டுவிட்டேன். மாணிக்கவேல் அவனைப் பற்றி விசாரித்துச் சொன்னதெல்லாம் உண்மை, எனக்குத் தெரியாது என்று சொன்னதைத் தவிர. படவேட்டில் அவனிடம் கொடுத்ததில் ஏதாவது குறைந்திருந்தால் அதையும் தெரியப்படுத்து.

நீ வாயால் சொன்னால் பின்னாளில் விளையாட்டுக்குச் சொன்னேன் என்பாய். ஆகவே போன் செய்யாதே, ஆள் விட்டுச் சொல்லாதே. சரி என்றாலும் இல்லை என்றாலும் உன் கையால் எழுதி அனுப்பு.