முப்பத்தோராம் நாள்

12.06.2003, வியாழன்

இன்று அம்மாவிடம் சொல்லாதது: பெரியப்பா செத்துப்போனார்.

வவுனியாவில் நாஸிம் நானாவின் தொலைபேசிக் கடையிலிருந்து ஜேர்மனியில் பெரியப்பா வீட்டுக்கு அழைப்பு எடுத்தேன். நேற்றுக் காலை ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது என்றார் பெரியப்பாவின் மகன். நான் உட்கார நானா கதிரையை இழுத்துப் போட்டார்.

“அழுறதெண்டா அழுங்க தங்கச்சி. இஞ்ச ஒருத்தரும் பாக்கமாட்டாங்க.”

அழுகை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையைத்தான் நினைத்தேன். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

நெடுங்கேணியில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டார்: “பெரியப்பா எப்பிடியாம்?”

“அப்பிடியேதான்.”

13.06.2003, வெள்ளி

ஞாயிறு எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழா. அப்பா தர்மகர்த்தா. அன்று, கொழும்பில் பண்ணிசை நிகழ்ச்சிகள் நடத்தும் சிவலட்சுமி அக்கா வருகிறார். பழைய தேவாரப் பண்களை, பிற்காலக் கச்சேரி அலங்காரம் எதுவும் சேர்க்காமல், குழலில் வாசிக்க ஓர் ஆளைத் தேடுகிறார். என் வாசிப்பைக் கேட்க அவருக்கு அந்த ஒரு நாள்தான். ஐந்து வருடமாக நான் வேறொன்றும் ஊதவில்லை. கலியாண வீட்டில் சினிமாப் பாட்டுக் கேட்டவர்களுக்கும் நட்டபாடைப் பண்தான் கிடைத்தது.

அப்பாவின் அண்ணன் செத்தால் எங்கள் வீட்டுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு, முப்பத்தொரு நாள். கோயில் படி மிதிக்கக்கூடாது. ஆனால் சாவைக் கேள்விப்படும்வரை துடக்கு இல்லை என்பதும் எங்கள் வழக்கம்தான். அப்படியென்றால் இந்த வீட்டில் துடக்குக்காரி நான் ஒருத்திதான்.

இது நியாயமா, நான் தேடிக்கொண்ட சாட்டா?

15.06.2003, ஞாயிறு

வாசித்தேன். அப்பா சாமியைத் தோளில் காவினார். சிவலட்சுமி அக்கா பாராட்டவில்லை; பண்களுக்கு நான் சுரம் எழுதி வைத்திருக்கும் கொப்பியை வாங்கிப் புரட்டினார். யாரிடம் படித்தேன் என்று கேட்டார். புத்தகங்களிலும் ஒலிநாடாக்களிலும் என்றேன்.

“அதுதான் இப்பிடி வெறுமையா இருக்கு. எனக்கு வேண்டியதும் இதுதான்.”

16.06.2003, திங்கள்

வவுனியாவுக்குப் போய்வந்து சொன்னேன். நேற்று இரவு, திருவிழா முடிந்த பிறகு, பெரியப்பா போய்விட்டார் என்று. அம்மா குழறி அழுதார். அப்பா நின்றபடியே விரல்விட்டு எண்ணினார். துடக்குக் கழிக்கும் அந்தியேட்டி முப்பத்தோராம் நாள், ஜூலை 15.

28.06.2003, சனி

கடிதம் வந்தது. என்னைத்தான் எடுத்திருக்கிறார்கள். முதல் நிகழ்ச்சி கொழும்பில் ஒரு கோயில் மண்டபத்தில், ஜூலை 13.

உண்மையான துடக்கு 11ஆம் திகதியே கழிந்துவிடும். நான் சொன்ன துடக்கு 15 வரை. நானே நாலு நாள் கூட்டி வைச்சிட்டன்.

29.06.2003, ஞாயிறு

அப்பா தண்ணீர்ப் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“திருவிழாவிலை சாமி காவினது ஆர்?”

“நீங்கள்.”

“துடக்கோடை?”

“நீங்கள் கேள்விப்படேல்லைத்தானே அப்பா. உங்களுக்குத் துடக்கில்லை.”

“நீ கேள்விப்பட்டனீ.”

செத்த திகதியை இனி மாற்றிச் சொன்னால் கோயிலைக் கழுவிச் சுத்தி செய்யவேண்டும், ஊருக்குக் காரணமும் சொல்லவேண்டும் என்றார். நான் அதுவரை கொழும்பை மட்டும்தான் யோசித்திருந்தேன்.

“அண்ணைக்குச் சரியான திதியை நான் பாத்துக்கொள்ளுவன்,” என்றார். “ஊருக்குப் பதினைஞ்சுதான்.”

“அப்ப கொழும்பு?”

“துடக்கு வீட்டுப் பிள்ளையைக் கோயிலுக்கு எப்பிடி அனுப்புறது?”

அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்றார். நேற்றுவரை அது என் பொய். இன்று எங்கள் இருவருடையதும்.

02.07.2003, புதன்

வீட்டில் துடக்கு, வர முடியாது என்று எழுதினேன். கொப்பியையும் சேர்த்துக் கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். வாசிக்க வருகிறவருக்கு உதவும்.

13.07.2003, ஞாயிறு

குழலை எடுக்கவில்லை.

19.02.2004, வியாழன்

கொழும்பிலிருந்து ஓர் ஒலிப்பதிவு இறுவட்டு வந்தது. வினோதன் என்பவர் என் கொப்பியைப் பார்த்து ஏழு பண் வாசித்திருக்கிறார். நன்றாக வாசிக்கிறார், தக்கேசியை என்னைவிட நன்றாக. கூடவே சிவலட்சுமி அக்காவின் கடிதம்: மற்றப் பண்களுக்கும் இதேபோல் எழுதித் தர முடியுமா, இதையே வேலையாகச் செய்ய விருப்பமா என்று.

ஓம், எழுதித் தருகிறேன் என்று பதில் போட்டேன். தேவாரப் பண் இருபத்துமூன்றில் இன்னும் பதினாறு இருக்கிறது. கொல்லியிலிருந்து தொடங்குகிறேன். வினோதன் வாசிப்பார்.