மடிக்கணினிக்கு நெற்றி எது

மச்சான்,

உன் மடிக்கணினி ஒரு வாரமாக என் மேசையில் இருந்தது. போன சனிக்கிழமை மாலதி கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்து, வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனாள். "அண்ணே, இவரு லேப்டாப்புல குடும்ப போட்டோவெல்லாம் இருக்குண்ணே. எடுத்துக் குடுங்க, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் திறந்தேன். விசிறி இரைந்தது, சூடேறிய தூசியின் வாடை வந்தது, கார்டின் வேகத்தைக் காட்ட திரையின் ஓரத்தில் நீ வைத்திருந்த அந்தச் சின்னச் சன்னல் தானாகத் திறந்துகொண்டது. கூடுதல் வேகம் நூற்று அறுபத்தைந்து என்று காட்டியது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, வயிற்றெரிச்சல். நீ போய் ஐந்து மாதமாகிறது. உன் கிராபிக்ஸ் கார்டு இன்னமும் நூற்று அறுபத்தைந்தில் அலுங்காமல் நிற்கிறது. என்னுடையதைத் தொண்ணூறுக்கு மேல் ஏற்றினால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பூத்து அப்படியே நின்றுவிடும். போய்ச் சேர்ந்தவன்மேல் பொறாமைப்படலாமா என்று கேட்டால், படக்கூடாதுதான். பட்டேன்.

இரண்டும் ஒரே நாளில் வந்தவை என்பதுதான் என்னால் தாங்கமுடியாத விஷயம். கிள்ளான் பக்கம் மேருவில் அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நீயும் நானும் பெட்டிகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தோம். புதிய கணினிகள் வந்தபோது, பழையதை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றார் மேலாளர். அலுவலக வேலைக்கென்றே செய்த கறுப்புப் பெட்டிகள். வரைபட வேலைக்காக உள்ளே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது, அவ்வளவுதான். மேசையில் இரண்டு கிடந்தன. "நீ எடு மச்சான் மொதல்ல" என்றாய். நானும் பாசாரில் கத்தரிக்காய் பொறுக்குகிறவன் மாதிரி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லாததை எடுத்துக்கொண்டேன். மூடியில் கீறலோடு ஒரு விசையும் பெயர்ந்து கிடந்த மற்றது உனக்கு வந்தது. பறக்கிற கார்டு அதற்குள்தான் இருந்தது. என் கையாலேயே உனக்குத் தள்ளிவிட்டேன்.

கார்டை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஏற்றி ஓட்டலாம் என்று எங்கோ படித்துவிட்டு வந்தவன் நீ. ஓவர்கிளாக் என்ற வார்த்தையை முதலில் உன் வாயில்தான் கேட்டேன். பதினைந்து ஏற்றுவாய், பத்து நிமிடம் விளையாடுவாய், சூடு எவ்வளவு என்று பார்ப்பாய், பிறகு இன்னொரு பதினைந்து. "பெலான் பெலான் லா மச்சான், அவசரப்பட்டா படுத்துக்கும்." எனக்கு அந்தப் பொறுமை ஏது? ஐம்பது ஐம்பதாக ஏற்றினேன், ஐந்து முறை படுத்துக்கொண்டது. பிறகு உன்னைப்போலவே பதினைந்து பதினைந்தாக ஏற்றியும் தொண்ணூறோடு நின்றுவிட்டது. "ஒரே அச்சுல செஞ்சாலும் ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி. அதோட ராசி. ஒன் தப்பு இல்ல" என்று என் தோளைத் தட்டினாய். கேலி செய்திருந்தால்கூட மறந்திருப்பேன். ஆறுதல் சொன்னாய் பார், அதுதான் எரிந்தது.

எல்லாவற்றிலும் நீ அப்படித்தான். மேலாளர் உன்னை 'பாஸ்' என்று கூப்பிட்டுச் சிரிப்பார், என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வாசல் காவலர் உனக்காக நிழலில் ஓர் இடம் பிடித்து வைத்திருப்பார், என் கார் வெயிலில் வேகும். உனக்கு இதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. எனக்கு எல்லாம் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கிள்ளானில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கணினிகளையும் எதிரெதிரே வைப்போம். காற்றுப் போகப் பின்பக்கம் இரண்டு போத்தல் மூடிகளை அண்டைக் கொடுப்பாய், எனக்கும் சேர்த்துத்தான். ஒரே பந்தய விளையாட்டு, மழை பெய்கிற ஒரே பாதை. நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று விளையாட்டே கடைசியில் கணக்குச் சொல்லும். உனக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு நாற்பத்து நான்கு. வாராவாரம் அதே எண்கள். "கீழ உண்மையான காரு அழுக்குப் புடிச்சு நிக்குது, கழுவ ஆளில்ல. நாப்பது வயசுல ரெண்டு பேரும் இங்க காரு ஓட்டிக்கிட்டு இருக்கீங்க" என்று மாலதி தட்டுகளை எடுத்துக்கொண்டே சொல்வாள். நீ சிரிப்பாய். நான் அந்த எட்டையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

நான்கு வருடங்களுக்கு முந்தைய சரசுவதி பூசை. உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன், கேள்.

நீ பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாய். சாமியறையில் புத்தகங்கள், கார் சாவி, உன் ஸ்பேனர் பெட்டி, மாலதியின் தையல் இயந்திரம், எல்லாவற்றுக்கும் நடுவில் உன் மடிக்கணினி. மாலதி சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "அண்ணே, எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருங்க, எனக்கு அடுப்புல கடலை வேகுது" என்றாள். வைத்துக்கொண்டே வந்தேன். மடிக்கணினி முன்னால் வந்ததும் கை நின்றது. மடிக்கணினிக்கு நெற்றி எது? மூடிதான் என்று பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். எனக்கும் தெரியும்.

அதைத் திருப்பினேன். பின்பக்கம் சூடான காற்று வெளியேறுகிற கம்பி இடுக்கு இருந்தது. மூன்று விரலால் சந்தனத்தை வழித்து அதன்மேல் பட்டையாகப் போட்டேன். காயட்டும் என்று விட்டு, இன்னொரு முறை போட்டேன். பிறகு அடியில் விசிறி வாய்க்கு ஒரு சிட்டிகை திருநீறு. முடித்து, நல்ல பிள்ளையாக மறுபடி முன்பக்கம் திருப்பி வைத்தேன். பூசைக்கு வைத்த பொட்டை நம் வீடுகளில் யாரும் துடைக்கமாட்டார்கள், தானாக உதிரவேண்டும். அதை நம்பித்தான் செய்தேன். நீ பூவோடு வந்து கண்ணை மூடிக் கும்பிட்டாய். "மச்சான் கையால பொட்டு. இனிமே பறக்கும் லா" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் கணினி அடுப்பாகக் கொதித்தது. இருபத்தொன்பது படம். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாய். மஞ்சளாகக் காய்ந்திருந்த பட்டையை விரலால் ஒருமுறை தடவினாய், துடைக்கவில்லை. "ரொம்ப ஏத்திட்டேன் போல" என்று வேகத்தைக் குறைத்தாய். நூற்று இருபது, தொண்ணூறு, அப்புறம் பூச்சியம். கடைசியில் உனக்கு முப்பத்து மூன்று, எனக்கு நாற்பத்து நான்கு. "ஜெயிச்சிட்ட லா மச்சான்!" என்று எழுந்து கை கொடுத்தாய்.

சும்மா சொல்லக்கூடாது, இனித்தது. ரயிலில் வீடு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த சீன ஆன்டி இடம் மாறி உட்கார்ந்தார்.

மூன்று ஞாயிறு நான் ராஜா. பிறகு தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது திருகுகளைக் கழற்றித் துடைத்திருக்கிறாய். போனில் கூப்பிட்டாய். "மச்சான், பொட்டு உள்ள வரைக்கும் எறங்கியிருக்கு லா. சாமிக்கே என் லேப்டாப்பு புடிச்சிப்போச்சு போல!" விழுந்து விழுந்து சிரித்தாய். நான் "அப்படியா" என்றேன். சொல்லியிருக்கவேண்டிய நேரம் அதுதான். அடுத்த வாரம் உனக்கு மறுபடி ஐம்பத்திரண்டு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பூசைக்கு என்னை அழைத்து, சந்தனக் கிண்ணத்தை நீயே என்னிடம் நீட்டினாய். "நீயே வை மச்சான். ஒன் கை ராசியான கை." மூடியில் குன்றிமணி அளவு பொட்டு வைப்பேன். உன் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. நீ தெரிந்து சொல்கிறாயா, தெரியாமல் சொல்கிறாயா? அலுவலகத்தில் உன் பக்கத்து மேசையில் இருந்துகொண்டு இதையே எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். கேட்டால் சொல்லவேண்டி வரும், அதனால் கேட்கவில்லை. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனவன், திரும்பவில்லை.

இன்று மாலதி வந்தாள். படங்களையெல்லாம் பிரதியெடுத்துக் கொடுத்தேன். தேநீர் போட்டுக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து, "மாலதி, ஒரு விஷயம் சொல்லணும்மா" என்று ஆரம்பித்து, கிண்ணத்தை அவள் கொடுத்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் தேநீரை ஊதுவதைக்கூட நிறுத்தவில்லை.

"தெரியும்ணே."

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. நீங்க சாப்பிட்டுக் கெளம்புனதும் திருப்பிக் காட்டுனாரு. 'பாத்தியா, சிவன் கோயில் ஐயருகூட இவ்வளவு பட்டையா போடமாட்டாரு'ன்னு சொல்லி ஒரே சிரிப்பு. ஈரமா இருக்கும்போதே தொடச்சிருங்கன்னு நான்தான் சொன்னேன். கேக்கல. 'விடு, தீபாவளி வரைக்கும் அவன் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்'னாரு."

"கோவப்படலையா?" என்று கேட்டேன்.

"கோவமா? அவருக்கு அதுல எவ்வளவு பெருமை தெரியுமாண்ணே! 'டெங்கில் எஸ்டேட்டுல பொறந்து, பரீட்சையில ரெண்டு தடவ கோட்டை விட்டு, வாழ்க்கையில என்னைப் பாத்து யாரு பொறாமப்பட்டா? இவன் ஒருத்தன்தான் லா'ன்னு சொல்லுவாரு. வீட்டுக்கு யாரு வந்தாலும் உங்கள அப்படித்தான் சொல்லுவாரு."

அவள் கணினியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். ரயில் நிலையம் வரை கூடப்போய் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உன்மேல் கோபமாக இருக்கிறது, மச்சான். உன்னை நான் ஜெயித்தது வாழ்க்கையில் அந்த மூன்று ஞாயிறுதான். அதுவும் நீ போட்ட பிச்சை. தெரிந்துகொண்டே வேகத்தைக் குறைத்து, தெரிந்துகொண்டே எழுந்து கை கொடுத்து, போனில் ஒரு நாடகமும் ஆடியிருக்கிறாய். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே சட்டையைப் பிடித்திருப்பேன். இப்படி ஒரு மனசு உனக்கு வாய்த்திருக்கிறது, எனக்கு வாய்க்கவில்லை. அதையும் பார்த்து எரிகிறது.

மன்னிப்புக் கேட்டு முடிக்கத்தான் உட்கார்ந்தேன். கேட்கப்போவதில்லை. கேட்டால் உன் பெருமை போய்விடும். உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட இருந்த அந்த ஒருத்தன் பிரிக்பீல்ட்ஸில் நல்லபடியாக இருக்கிறான். வயிறும் நன்றாக எரிகிறது.